ஒரே டாங்கர், மூன்று போர்டு

கேள்வி: என் கணவர் ஒரே ஒரு கம்பெனி பெட்ரோலைத்தான் காருக்குப் போடுவார். பக்கத்திலேயே பங்க் இருக்க, அவருடைய கம்பெனி போர்டைத் தேடிக்கொண்டு பாலிகஞ்ச் வரை போய்வருகிறார். கேட்டால் "வண்டிக்குப் பழகிப்போச்சு" என்கிறார். பெட்ரோலில் பிராண்டு பார்ப்பது நிஜமா, பிரமையா?
– கல்கத்தா ஜனக் ரோடு வாசகி

பதில்: மாமி, பாலிகஞ்ச் போய்வர அவர் எரிக்கும் பெட்ரோல் இருக்கிறதே, இந்தக் கணக்கில் சந்தேகமில்லாத வித்தியாசம் அது ஒன்றுதான்.

மேற்கு வங்காளத்தில் பெட்ரோல் காய்ச்சும் ஆலை ஒன்றே ஒன்று. ஹால்தியாவில் இந்தியன் ஆயில் 1975-ல் ஓட்ட ஆரம்பித்தது. அங்கிருந்து பெட்ரோல் குழாய் வழியே ஹவுராவை ஒட்டிய மௌரிகிராமுக்கு வந்து சேருகிறது. பாரத் பெட்ரோலியத்தின் ஆலைகள் மும்பையிலும் கொச்சியிலும் மத்தியப் பிரதேசத்து பீனாவிலும் இருக்கின்றன. ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு மும்பை, விசாகப்பட்டினம். கொச்சியில் காய்ச்சியதைக் குமரிமுனை சுற்றிக் கொண்டுவந்து உங்கள் வீட்டு மாருதிக்கு ஊட்டுவார்களா? கப்பலும் வரும்தான். ஆனால் கம்பெனிகளுக்குள் நெடுநாளாகக் கைமாற்று உண்டு. இங்கே நீ எனக்குக் கொடு, அங்கே நான் உனக்குத் தருகிறேன். அடுத்த வீட்டில் உறைமோர் வாங்கித் தோய்த்த தயிர் யார் வீட்டுத் தயிர் என்று கேட்டால் என்ன பதிலோ, அதுதான் இதற்கும்.

தரக் கட்டுப்பாடும் மூவருக்கும் ஒன்றே. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ்.6. கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, சிக்கரி அளவுக்கு. (காபியை இழுக்காமல் இந்த ஆளுக்கு எழுத வராதா என்று எடிட்டர் கேட்கிறார். வராது.) கொட்டை ஒரே எஸ்டேட் கொட்டை, கடைக்காரர் கடைசியில் கலக்குவதுதான் அவர் கைவண்ணம். பெட்ரோலிலும் கம்பெனிக்கென்று ஏதாவது இருந்தால் அது கடைசியில் துளித்துளியாகச் சேர்க்கும் மருந்து: வால்விலும் இன்ஜெக்டரிலும் கரி படியாமல் கழுவுகிற சரக்கு. அதைச் சும்மா விளம்பரம் என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 2016-ல் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் சோதித்துப் பார்த்தது. கார் கம்பெனிகள் வகுத்த 'டாப் டியர்' தரத்துக்குக் கழுவுமருந்து சேர்த்த பெட்ரோலைவிட, அந்தத் தரத்துக்குச் சேர்க்காத பெட்ரோலில் என்ஜினுக்குள் சராசரியாக 19 மடங்கு அதிகம் கரி படிந்திருந்தது. ஆக, பார்க்க வேண்டியது மருந்தை, போர்டை அல்ல.

"வண்டிக்குப் பழகிப்போச்சு" என்பதற்கும் ஒரு வார்த்தை. எங்கள் பெரியப்பா பர்மா-ஷெல் பக்தர். எஸ்ஸோ பங்க் வாசலில் நின்று வழிகூடக் கேட்க மாட்டார். 1974-ல் எஸ்ஸோ ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. 1976-ல் பர்மா-ஷெல்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மறு வருஷம் அது பாரத் பெட்ரோலியம். போர்டில் பெயிண்ட் மாறியதில் பெரியப்பாதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய வண்டி கவனித்ததாகவே தெரியவில்லை.

கேள்வி: நூறு ஆக்டேன் பெட்ரோல் போட்டால் என் பழைய அம்பாசடர் பறக்குமா?
– சதர்ன் அவென்யூ வாசகர்

பதில்: பறப்பது உங்கள் பணம்தான். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நூறு ஆக்டேன் பெட்ரோலை இறக்கியபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். உத்தர்பாராவில் பிறந்த உங்கள் வண்டி சாதுவான பிராணி. அதன் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. ஆக்டேன் என்பது சக்திக்கான மார்க் இல்லை, பொறுமைக்கான மார்க். அழுத்தும்போது, தீப்பொறி பற்றவைத்த தீ வந்து சேரும்வரை காத்திருக்காமல் தானே வெடித்துத் தொலைக்கும் பெட்ரோலால்தான் என்ஜின் 'டக் டக்' என்று தட்டும். அப்படி அவசரப்படாத பெட்ரோலுக்கு மார்க் அதிகம். அதிகம் அழுத்துகிற நவீன என்ஜினுக்கு அந்தப் பொறுமை தேவை. உங்கள் அம்பாசடர் அழுத்தவே கூச்சப்படும். அதற்குப் போய் நூறு எதற்கு? கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் எழுதியிருக்கும் நம்பருக்கு மேல் போடுவது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐ.ஏ.எஸ். கோச்சிங்.

இந்த மார்க் போடும் முறை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன். 1926-ல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க ரசாயனக்காரர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். லேசில் தட்டாத ஐஸோ-ஆக்டேனுக்கு நூறு. கண்டபடி தட்டுகிற ஹெப்டேனுக்குப் பூஜ்யம். 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு நல்லவனும் 9 பங்கு போக்கிரியும் சேர்ந்த கலவை எவ்வளவு தட்டுமோ அவ்வளவு தட்டும் என்று அர்த்தம்.

அந்தப் போக்கிரி எங்கே கிடைத்தான் தெரியுமா? மரத்தில். கலிபோர்னியா மலைகளில் ஜெஃப்ரி பைன் என்று ஒரு மரம். அதன் பிசினைக் காய்ச்சி வடித்தால் வருவது கிட்டத்தட்டக் கலப்படமற்ற ஹெப்டேன். பக்கத்திலேயே பாண்டரோசா பைன் என்று இன்னொன்று. பட்டையும் ஊசி இலையும் பங்காளிச் சாயல். அதன் பிசினில் டர்பன்டைன் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டர்பன்டைன் காய்ச்சப் போனவர்கள் மரம் மாறிக் கீறி, அந்தப் பிசினை அடுப்பில் ஏற்ற, கொப்பரை வெடித்துச் சிதறியது. சில மலைவாசிகள் மோந்து பார்த்தே கண்டுபிடிப்பார்கள்: ஜெஃப்ரியின் பட்டையில் வெனிலா வாசனை அடிக்கும். மாமியின் வீட்டுக்காரர் அங்கே பிறந்திருக்க வேண்டும். வெளியே ஒன்றுபோல, உள்ளே வேறு வேறு. நம்மூர் பங்க்குகள் நேர் எதிர்.

எட்கருக்கு முன்னாலேயே தொடங்கிய, தட்டலை அடக்க ஈயம் கலந்த கதை நீளமானது, துக்ககரமானது. நம் நாட்டில் அது 2000 பிப்ரவரி முதல் தேதியோடு நின்றது. மேலே போகலாம்.

கேள்வி: சரி, பிராண்டு வேண்டாம். அப்புறம் எதைப் பார்த்துத்தான் பெட்ரோல் போடுவது?
– அதே ஜனக் ரோடு வாசகி (கணவர் பக்கத்தில் நிற்கிறார் என்று குறிப்பு)

பதில்: தெருவைப் பாருங்கள். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவா?

மூன்று வருஷம் முன்பு, ஓர் ஆடி மழைக்கு மறுநாள், ஒரு பங்க்கில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். ராஷ்பிஹாரி முக்கில், டிராம் தண்டவாளத்தின் மேலேயே, என் மாருதி இரண்டு தரம் இருமிவிட்டு உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போனோம். மிஸ்திரி டாங்க்கின் அடியிலிருந்து ஒரு சோடா பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே தெளிவாகப் பெட்ரோல். கீழே இரண்டு விரல் கனத்துக்கு இன்னொரு படலம், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. குலுக்கினார், கலங்கியது, மறுபடி இரண்டாகப் பிரிந்தது. "தாதா, தேல் மே பானி" (பெட்ரோலில் தண்ணீர்) என்று நாலே சொல்லில் தீர்ப்பு.

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குத் தண்ணீரென்றால் உயிர். பங்க்கின் தரையடி டாங்க்கில் மழைத்தண்ணீர் கசிந்தால் எத்தனால் அதைக் கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். கார் டாங்க்கிலும் அப்படியே. பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. இதில் எந்தக் கம்பெனி போர்டும் காப்பாற்றாது. மூடி சரியாக இருக்கிறதா, தினம் அளந்து பார்க்கிறார்களா என்பதுதான். வியாபாரம் ஓடுகிற பங்க்காகப் போங்கள், சரக்கு தங்காது. சந்தேகமென்றால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு துளி விட்டால் கறையில்லாமல் காய வேண்டும். அளவில் சந்தேகமென்றால் ஐந்து லிட்டர் கேன். இரண்டும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்ட பிறகு அந்தப் பையன் உங்களைப் பார்க்கும் பார்வைக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: பில்லில் 'எம்.எஸ்.' என்று போட்டிருக்கிறதே, என்ன அது?
– ரசிகர், லேக் வியூ ரோடு

பதில்: லேக் மார்க்கெட்டில் எம்.எஸ். என்று எழுதிவைத்தால் கச்சேரி எத்தனை மணிக்கு என்றுதான் கேட்போம். இது மோட்டார் ஸ்பிரிட். நம் எண்ணெய்க் கம்பெனிகளின் காகிதத்தில் பெட்ரோலுக்கு இன்றும் அதுதான் பெயர். காரணம் வேடிக்கையானது: 'பெட்ரோல்' என்பதே ஒரு பிராண்டு! 1890-களில் லண்டனில் கார்லெஸ், கேப்பல் அண்ட் லெனார்ட் என்ற எண்ணெய் வியாபாரிகள், டைம்லர் என்ஜின்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த ஃபிரெடரிக் சிம்ஸ் சொன்ன யோசனைப்படி, தங்கள் சரக்குக்கு வைத்த பெயர் அது. தங்களுக்கே சொந்தமென்று பதிவு செய்யப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஆனாலும் போட்டிக்காரர்கள் வெகுகாலம் அந்தப் பெயரைத் தொடாமல் 'மோட்டார் ஸ்பிரிட்' என்றே விற்றார்கள். ஆக, பெட்ரோலில் பிராண்டு உண்டா என்று கேட்ட மாமிக்கு முழுப் பதில்: ஒரு பிராண்டு இருந்தது, எல்லோரும் அதையே போடுகிறோம். தமிழில் 'கன்னெய்' என்பார்கள், கல்லிலிருந்து வந்த நெய். தோசைக்கு ஆகாது.

கேள்வி: எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதற்குப் பயந்துதான் எங்கள் கொள்ளுத்தாத்தா கல்கத்தாவுக்கு வந்தாராம். அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதும் உண்மைதானே?
– பராசர் ரோடு வாசகர்

பதில்: பெட்ரோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எடிட்டர் வெட்டப் பார்த்தார். இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குறிவைத்தது கோட்டையை அல்ல, துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளை. பிராண்டு பார்த்துச் சுட்டவன் அவன் ஒருத்தன்தான். கெட்டிக்காரனை நாம் இன்றும் 'எம்டன்' என்கிறோம்.

செண்பகராமன் கப்பலில் இல்லை. அந்தச் செப்டம்பரில் அவர் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார். சூரிச்சுக்குக் கடல் கிடையாது.

உங்கள் கொள்ளுத்தாத்தா விஷயம் அதைவிட மோசம். சென்னைக்கு வருவதற்குப் பத்து நாள் முன்பு எம்டன் வேட்டையாடிக்கொண்டிருந்ததே ஹூக்ளி முகத்துவாரத்துக்கு வெளியே, கல்கத்தாக் கப்பல்களைத்தான். 13-ஆம் தேதி 'டிப்ளமாட்' என்ற கப்பலை அத்தனை தேயிலையோடும் கடலில் மூழ்கடித்தது. புலிக்குப் பயந்து புலிக்கூண்டுக்கே வந்திருக்கிறார். மற்றவர்கள் தாத்தாக்களைப் போல அவரும் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்று வேலைக்கு வந்தவராக இருக்கும். பேரன்களிடம் சொல்ல எம்டன்தான் எடுப்பாக இருந்திருக்கும். போனதும் தேயிலைதான், காபி இல்லை.

கேள்வி: வாராவாரம் காபி காபி என்கிறீர்களே, நீங்கள் எந்தக் கடையில் பொடி வாங்குகிறீர்கள்?
– லேக் மார்க்கெட்டிலிருந்து பலர்

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். முப்பது வருஷமாக ஒரே கடை, ஒரே கலவை. அந்தக் கடைக்கும் எதிர்க்கடைக்கும் கொட்டை வறுத்து வருவது ஒரே இடத்திலிருந்துதான் என்று என் மனைவி சொல்கிறாள். மூட்டை இறங்குவதைக் கண்ணால் பார்த்தாளாம். எனக்குப் பழகிப்போச்சு.