இப்பதானே சாப்பிட்டே?

நான்கு வயதுக் குழந்தை நாள் முழுக்க "பசிக்குது, பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். கையில் பிஸ்கட் வரும், இல்லையென்றால் "இப்பதானே சாப்பிட்டே?" என்ற அதட்டல் வரும். பிஸ்கட் அரைமணி நேரத்துக்காவது வாயை அடைக்கும். அதட்டலுக்கு அந்தப் பலனும் இல்லை. உனக்குப் பசியா இல்லையா என்று குழந்தையோடு வழக்காடி ஜெயித்த தாயையோ தகப்பனையோ நான் பார்த்ததில்லை. அந்த வழக்கை விட்டுவிடுங்கள். தட்டில் என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் தட்டு வைக்கப்படுகிறது என்று மட்டும் பாருங்கள்.

அதற்கு முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். குழந்தையின் வாயில் போன எல்லாமும், மணியோடு. பாட்டி மடியில் வைத்துக் கொடுத்தது, மாடி வீட்டில் வாங்கித் தின்றது, கடைக்காரர் நீட்டிய மிட்டாய், எதையும் விடவேண்டாம். நான் பார்க்கும் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

காலை 7 மணி, பவுடர் கலந்த பால் ஒரு டம்ளர். 8.15, சர்க்கரை தொட்டு ஒன்றரை இட்லி. போனில் கார்ட்டூன் ஓட, அம்மா ஊட்டிவிட்டது. 9.30, பிஸ்கட் மூன்று. 10.30, பாதி வாழைப்பழம். 11.15, முறுக்கு. 12.30, ரசம் சாதம் நாலு வாய், "போதும்மா". 1.15, "பசிக்குது". 1.20, மறுபடி பால்.

இந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. ஒன்றரை மணி வருவதற்குள் ஏழு தடவை வாய்க்கு ஏதோ போயிருக்கிறது. சாப்பாடு என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. நடுவில் கொறித்தது அடுத்த வேளைப் பசியைக் கெடுக்கிறது. அந்த வேளையில் பாதியில் எழுந்த குழந்தைக்கு முக்கால் மணியில் வயிறு கிள்ளுகிறது. அதோடு, கணக்கில் இருப்பதில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும். சீக்கிரம் செரித்துப்போகும் சமாச்சாரங்கள். பருப்பு, முட்டை, எண்ணெய், காய் என்று வயிற்றில் நின்று செரிப்பது எதுவும் இல்லை.

மாற்றம் பெரிதாக வேண்டியதில்லை. அதே இட்லிதான், சர்க்கரைக்குப் பதில் பொடியும் நல்லெண்ணெயும், அல்லது அடியில் நிற்கும் பருப்பைக் கலக்கி ஊற்றிய கெட்டிச் சாம்பார். மதியம் ரசத்துக்கு முன்னால் பருப்பு நெய் சாதம். முட்டை சாப்பிடுகிற வீடென்றால் ஒரு முட்டை. அதில் மட்டும் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. நாலு மணிக்குப் பிஸ்கட் இருந்த இடத்தில் சுண்டல், பொட்டுக்கடலை உருண்டை, தயிர் விட்டுப் பிசைந்த அவல். ஐந்து வயதுக்குக் கீழே முழு வேர்க்கடலை வேண்டாம், புரையேறி மூச்சுக்குழாயில் சிக்கும். கொண்டைக்கடலையையும் நசுக்கித்தான் கொடுக்க வேண்டும். பால் ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் சாப்பாட்டின் இடத்தைப் பால் பிடித்துக்கொள்ளும்; இரும்புச்சத்தும் குறையும்.

நேரம்தான் இதைவிட முக்கியம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். எல்லன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980களில் சொன்ன வேலைப் பிரிவினை ஒன்று உண்டு: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ். என்ன வேண்டும் என்று குழந்தையைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் தீர்மானித்து ஊட்டி முடிக்கிறோம்.

ஊட்டி முடிப்பதால் என்ன கெடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரே உணவைச் சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றரை வயதுக்காரர்கள் எவ்வளவு வைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக்காரர்கள் நிறைய வைத்தால் நிறையச் சாப்பிட்டார்கள். அந்த வயதுக்குள் வயிறு சொல்வதை விட்டுத் தட்டு சொல்வதைக் கேட்கப் பழகிவிடுகிறது குழந்தை. போன் திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, நிறையாததும் தெரியாது. அதனால் குறைவாக வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள், போனை எடுத்துவிடுங்கள். இந்த மூன்றில் கடைசியதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

சரி, இடைவெளியில் குழந்தை வந்து நிற்கிறது. என்ன சொல்வது?

"அம்மா, பசிக்குது."

"பசிக்குதாடா? சரி. பெரிய முள்ளு பன்னிரண்டுக்கு வந்ததும் சுண்டல். தண்ணி குடிக்கிறியா?"

"பிஸ்கட் வேணும்."

"இப்ப பிஸ்கட் இல்ல. சுண்டலுக்குத் தேங்காய் துருவணும், வந்து கிண்ணத்தைப் பிடி."

இதில் பசியை மறுக்கவில்லை, குழந்தையைத் திட்டவில்லை, அடுத்த சாப்பாடு எப்போது என்பதும் அதற்குத் தெரிந்துவிட்டது. கிண்ணம் பிடிக்க வந்தபிறகு பசியை மறந்துவிட்டால், அது அலுப்பு. அப்படியும் அழுதால், கடிகாரத்துக்கு அடிமையாக வேண்டியதில்லை, "சாம்பார் சாதம் இருக்கு, பிசையட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் நிஜப் பசி, அடுத்த வேளையை முன்னால் இழுத்துவிடுங்கள். சாதம் வேண்டாம், பிஸ்கட்தான் வேண்டும் என்றால் அது நாக்கு கேட்பது. புது ஒழுங்கு பழகும்வரை முதல் ஒரு வாரம் வீட்டில் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

இங்கே பாட்டி குறுக்கே வருவார். "பசின்னு கேக்கிற குழந்தைக்கு இல்லைன்னு சொல்லலாமா?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அவரோடும் வழக்கு வேண்டாம். நாலு மணிச் சுண்டலை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். கொடுக்கும் உரிமை அவரிடமே இருக்கும், நேரம் மட்டும் மாறும்.

பிஸ்கட் டப்பாவைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத் தொடாதே என்பது வீண் வேலை. லியான் பர்ச்சும் ஜெனிபர் பிஷரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையில் வைத்துத் தடுக்கப்பட்ட தின்பண்டத்தின்மேல்தான் பாலர் பள்ளிக் குழந்தைகளின் கவனமும் பேச்சும் கூடின. ஒன்று வாங்காதீர்கள்; வாங்கினால் மாலைச் சிற்றுண்டியோடு சேர்த்துச் சாதாரணமாகக் கொடுத்துவிடுங்கள்.

விளக்கணைத்ததும் வரும் பசி தனி ரகம். பெரும்பாலும் அது இன்னும் பத்து நிமிஷம் விழித்திருக்கப் போடும் மனு. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்தால், படுக்கும் முன் அரை டம்ளர் பாலை ஒழுங்கின் ஒரு பகுதியாகவே வைத்து, பல் தேய்த்ததும் அடுக்களை மூடியாயிற்று என்று சொல்லிவிடலாம். வீட்டில் தம்பிப் பாப்பா வந்த பிறகு பசி கூடியிருந்தால், பாப்பாவுக்குப் பால் கொடுக்கிற நேரத்தையும் கணக்கில் குறித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரமாக இருந்தால் பெரியவனுக்கு வேண்டியது உங்கள் மடிதான்.

சில பசிகளைக் கேள்வி கேட்காமல் நம்ப வேண்டும். காய்ச்சல் விட்டு எழுந்த குழந்தை ஓரிரு வாரம் அள்ளிச் சாப்பிடும். இழந்த எடையைப் பிடிக்கிறது, விடுங்கள். பள்ளியிலிருந்து வரும் குழந்தை மூன்றரை மணிக்குப் பறக்கும். லஞ்ச் பாக்ஸைத் திறந்து பாருங்கள், பாதி அப்படியே இருக்கும். அப்போது நொறுக்கு வேண்டாம், நேரே சாப்பாட்டையே போடுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். 2022இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அவர்களுக்காகத்தான். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது இருந்தால் கூச்சப்படாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

வயிற்றில் பூச்சி என்பது வீட்டுப் பெரியவர்களின் முதல் சந்தேகம். பூச்சி பல குழந்தைகளுக்குப் பசியைக் குறைக்கவே செய்யும். ஆனாலும் அரசு முகாம்களில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை அதில் பாதி. மண், சாக்பீஸ், பச்சரிசி தின்கிற குழந்தையென்றால் ரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

இனிச் சொல்வதில் மெத்தனம் கூடாது. நிறையச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது, ஓயாமல் தண்ணீர் கேட்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது, படுக்கை நனைப்பதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைக்கிறது, சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்க்கிறது: இவை குழந்தைகளுக்கு வரும் டைப் 1 சர்க்கரை நோயின் அறிகுறிகள். அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில்தான் பார்க்கணும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த அறிகுறிகளோடு எந்நேரம் பார்த்தாலும் 200ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு சேர்ந்துவிட்டால் நேரே பெரிய மருத்துவமனை.

எடை கூடுவதும் கவனிக்க வேண்டியதே. இந்த வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவும் ஐந்தாறு சென்டிமீட்டரும் கூடுவது வழக்கம். குண்டாகவும் வயதுக்கு நல்ல உயரமாகவும் இருந்தால் பெரும்பாலும் சாப்பாட்டு விஷயம். குண்டாகிக்கொண்டே உயரம் நின்றுபோனால் ஹார்மோன் பரிசோதனை அவசியம். பிறந்தபோது உடம்பு துவண்டு, பால் உறிஞ்சச் சிரமப்பட்ட குழந்தை, இப்போது எவ்வளவு கொடுத்தாலும் அடங்காமல் சாப்பாட்டைத் தேடி அலைகிறதென்றால் பிராடர்-வில்லி என்ற அரிய மரபணுக் கோளாறாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

மருத்துவரிடம் போகும்போது அந்த மூன்று நாள் கணக்கையும் பழைய எடைக் குறிப்புகளையும் எடுத்துப் போங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்துப் பாட்டில்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீசிங்குக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சிரப் பசியைக் கிளப்பும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக அதை நிறுத்தக்கூடாது. போன மாதம் "பிள்ளை சரியாவே சாப்பிடறதில்ல" என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய டானிக் இருந்தால் அதையும் மறக்காமல் காட்டுங்கள். லேபிளில் சைப்ரோஹெப்டடின் என்று இருந்தால், அது பசியைத் தூண்டுகிற மருந்து.