கல்லூரியில் கேட்டு வாங்க வேண்டிய உரிமைகள்!

'பையனுக்குக் காது கொஞ்சம் மந்தம்... காலேஜ்ல யாருக்கும் தெரிய வேண்டாம் டாக்டர். நீங்க மருந்து மட்டும் குடுங்க, போதும்!'

வைத்தியரிடம் வருகிற பெற்றோர் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் பயம். 'நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இடிக்குமே' என்ற கவலை!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போலியோவில் சூம்பிய காலையோ, பிறவியிலேயே இல்லாத பார்வையையோ எந்தச் சூரணமும் லேகியமும் திருப்பிக் கொண்டுவராது. வலி குறைக்கலாம், உடம்புக்குத் தெம்பு தரலாம். ஆனால் அந்தப் பிள்ளையை நாளை சொந்தக் காலில் நிற்க வைக்கப் போவது படிப்புதான். அந்தப் படிப்புக்குச் சட்டம் என்ன துணை தருகிறது என்று தெரியாமலே பல குடும்பங்கள் இருக்கின்றன. விளைவு? நல்ல மார்க் வாங்க வேண்டிய பிள்ளை அரியர் வைக்கிறது. சில பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடுகின்றன.

சட்டம் யாருக்கு?

முன்பு இருந்தது 1995-ம் வருடத்துச் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 'மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016' என்ற மத்தியச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான். புதியதில் 21 வகை!

கண், காது, கை, கால் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எழுத்துகள் தடுமாறும் கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா), ஆட்டிசம், தசைச் சிதைவு நோய், மனநோய், ஹீமோபிலியா, தலசீமியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருமே இதில் அடக்கம். 'என் பிள்ளைக்கு வெளியே ஒண்ணும் தெரியலையே' என்று ஒதுங்க வேண்டியதில்லை.

மருந்து ஒன்று, அனுபானம் வேறு

எங்கள் சித்த வைத்தியத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. சூரணம் ஒன்றேதான். ஒருவருக்குத் தேனில் குழைத்துக் கொடுப்போம். சர்க்கரை நோயாளிக்கு வெந்நீரில் கொடுப்போம். மருந்து மாறவில்லை. அது உடம்பில் போய்ச் சேருகிற வழிதான் மாறுகிறது.

சட்டம் சொல்லும் 'நியாயமான வசதி ஏற்பாடு' என்பதும் இதேதான். பாடம் அதே பாடம், கேள்வித்தாள் அதே கேள்வித்தாள். பிள்ளை அதை எட்டுகிற வழியைத்தான் மாற்றித் தரச் சொல்கிறது. நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத மாற்றமாக அது இருக்க வேண்டும். உடனே லிஃப்ட் கட்ட முடியாத கல்லூரிகூட, சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்காக வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியும் அல்லவா? அந்த மாதிரி.

இப்படிப்பட்ட ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

எந்தக் கல்லூரியில் என்ன?

* அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனம்: குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு மொத்த இடங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். சேரும் வயது வரம்பிலும் 5 வருடத் தளர்வு உண்டு.

* அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரி: இந்த 5 சதவீதம் இங்கே பொருந்தாது. ஆனால் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வதும், கட்டடத்தை எல்லாரும் போய்வர ஏற்றதாக வைப்பதும், மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாடு செய்வதும் இவர்களுக்கும் கடமைதான். 'நாங்க பிரைவேட், எங்களுக்கு அது கிடையாது' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

'இந்தக் குறையோட இந்தப் படிப்பு முடியாது' என்று மேலோட்டமாகத் தள்ளிவிடுவதும் இனி செல்லாது. பேச்சு, மொழிக் குறைபாடு 44–45 சதவீதம் இருந்த ஓம்கார் கோண்ட் என்ற மாணவருக்கு எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட் 2024 அக்டோபரில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சதவீதத்தை மட்டும் பார்த்துத் தகுதி இல்லை என்று ஒதுக்கக் கூடாது. அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்பதை மருத்துவக் குழு பரிசீலித்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

பரீட்சை நேரத்தில்...

கையால் எழுத முடியாதவருக்கு, சொல்வதை எழுத ஒரு ஆள் (ஸ்கிரைப்) உண்டு. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். ஆள் வைத்துக்கொள்ளத் தகுதி இருந்தும் தானே எழுதுகிறவருக்கும் இந்தக் கூடுதல் நேரம் உண்டு. ஆளை நாமே கூட்டிப் போகலாமா, அவர் எவ்வளவு படித்திருக்கலாம் என்பதெல்லாம் தேர்வுக்குத் தேர்வு வேறுபடும். அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

கூடுதல் நேரத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பார்வை மங்கியவர் பெரிய எழுத்துக் கேள்வித்தாள் கேட்கலாம். காது மந்தமானவர் முன் பெஞ்சும், பேராசிரியரின் குறிப்புகளும் கேட்கலாம். இரண்டாவது, மூன்றாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு தருவதைப் பற்றியும் சட்டம் பேசுகிறது.

40 சதவீதம் இல்லாவிட்டால்?

பலர் சோர்ந்து போகிற இடம் இது. 'முப்பதுதான் போட்டிருக்காங்க, ஒண்ணும் கிடைக்காது' என்று சான்றிதழை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அது தப்பு. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதம் கட்டாயம்.

எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள விகாஷ் குமார் என்பவருக்கு, 40 சதவீதக் கணக்கைக் காட்டி சிவில் சர்வீஸ் தேர்வில் ஸ்கிரைப் மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், 'எழுதச் சிரமப்படுபவருக்கு ஸ்கிரைப் தர இந்த அளவுகோல் தேவையில்லை' என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுபவர்களுக்கென்றே மத்திய அரசு தனி வழிகாட்டு நெறிகள் கொடுத்தது.

சான்றிதழ்தான் சாவி

சித்த வைத்தியரான நானோ, உங்கள் குடும்ப டாக்டரோ எழுதித் தரும் கடிதம் இதற்குச் செல்லாது. மத்திய அரசின் யு.டி.ஐ.டி. இணையதளத்தில் விண்ணப்பித்து, அதற்கென உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சான்றிதழும் அட்டையும் இந்தியா முழுக்கச் செல்லும். வழி தெரியாவிட்டால், உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

தற்காலிகச் சான்றிதழ் என்றால் காலாவதி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொய்ச் சான்றிதழ் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். பிடிபட்டால் 2 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டுமே!

எப்படிக் கேட்பது?

வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். சேர்ந்த முதல் மாதத்திலேயே முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அதில்:

1. பெயர், வகுப்பு, பதிவு எண்.
2. குறைபாடு என்ன (சான்றிதழ் நகலுடன்).
3. அதனால் எது சிரமம் – வகுப்பா, லேபா, பரீட்சையா, கழிப்பறையா?
4. ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்று வேண்டும்.

ஒரு நகலில் தேதியோடு கல்லூரி முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும்.

தேர்வு ஹாலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கற்றல் குறைபாடு உள்ள அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு 2021 நீட் தேர்வில், மையத்தில் கூடுதல் நேரம் தராமல் தாளை வாங்கிவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட் அது அநீதி என்று சொல்லி, பரிகாரம் பற்றி யோசிக்கத் தேர்வு நடத்தியவர்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. போன ஒரு மணி நேரத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தர முடியாது!

மறுத்தால்?

முதலில், மறுப்பையும் எழுத்திலேயே கேளுங்கள். பல சமயம் அப்போதே காரியம் நடந்துவிடும். அரசுக் கல்லூரி என்றால் குறை தீர்க்கும் அலுவலரிடம் மனு கொடுங்கள். அடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். விசாரணையின்போது சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 18 வயது முடிந்த பிள்ளை பெரிய மனிதன்தான். விண்ணப்பத்தை அவனையே, அவளையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், போதும். 'எனக்கு இது கஷ்டம், இது வேண்டும்' என்று கூச்சமில்லாமல் சொல்லப் பழகிய பிள்ளை, நாளை வேலைக்குப் போகிற இடத்திலும் தலை நிமிர்ந்து கேட்கும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழ வேண்டியதுகூட இல்லை. எழுதிக் கேட்டால் போதும்!