ஆம்பியும் அதன் போலியும்

கச்சி ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில், விடியலில் எழுந்து தயிர் கடையும் ஆய்மகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். உறைந்த தயிருக்கு அவர் கூறும் உவமை ஆம்பியின் வெண்ணிற மொட்டு. ஆம்பி என்பது காளான். புறநானூற்றின் 164ஆம் பாட்டிலோ ஆம்பி, சமையலை மறந்த அடுப்பில் பூத்து வறுமைக்கு அடையாளமாகிறது. இரண்டும் ஓரினமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை; பெயர் ஒன்று. இப்பெயரொற்றுமை நூலில் தீங்கு செய்யாது. அடுக்களையில் உயிரைக் கேட்கும்.

காஞ்சி வட்டாரத்தில் இடியும் மழையும் வந்து ஓய்ந்தபின் மக்கள் தேடிச் செல்வது புற்றுக்காளான். கறையான்கள் தம் புற்றினுள் பேணி வளர்க்கும் பூஞ்சையிலிருந்து எழுவது அது. அதனோடு மயங்கத்தக்கது, புல்தரையில் முளைக்கும் குளோரோஃபில்லம் என்னும் நச்சுக்காளான். மேலைநாட்டார் விரும்பும் சாண்டரெல் என்ற மஞ்சட்காளானுக்கும் இத்தகைய போலி உண்டு. மெய்யானது குடையின் அடியில் மடிப்புகளோடு மண்ணில் எழும். போலி, கத்தியலகு போன்ற செவுள்களோடு மரக்கட்டையில் கொத்தாக முளைக்கும்.

நம் புற்றுக்காளானைப் பிடுங்காமல் தோண்டிக் காண்க. அதன் காம்பு மண்மட்டத்தில் முடிவதில்லை. வேர்போல் நீண்டு கறையான் கூட்டைத் தொடும். குடை நடுவே கூரிய முனை இருக்கும். குளோரோஃபில்லத்திற்கு அந்நீள்வேர் இல்லை. குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கும். இளமையில் இரண்டின் செவுள்களும் வெண்மையே. ஆதலின் காம்பை நீக்கிக் குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு வைத்தல் வேண்டும். உதிரும் துகள் புற்றுக்காளானுக்கு வெளிறிய இளஞ்சிவப்பு, போலிக்குப் பச்சை. துகள் வெள்ளையாகிக் காம்படியில் கிண்ணம் போன்ற உறையும் இருப்பின், கொடிய அமானிட்டா வகையென ஐயுற்று விலக்குக. இளஞ்சிவப்பு மட்டுமே போதிய சான்றும் அன்று. அந்நிறத் துகளுடைய நச்சுக்காளான்களும் உள. எல்லாக் குறிகளும் ஒருங்கே பொருந்தி, பழகியறிந்தவரும் உறுதி கூறினாலன்றி உண்ணலாகாது.

வெள்ளிக்கரண்டி கறுத்தால் நஞ்சு என்பாரும் உளர். ஜரிகையைச் சுரண்டி வெள்ளியும் பட்டும் பார்த்துத் தரமறியும் ஊரில் இக்கருத்து எளிதில் ஏற்கப்படும். ஜரிகைக்கு அது தகும். அமானிட்டாவின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை, கொதிக்க வைப்பினும் அழிவதில்லை. பூச்சி தின்றதாயின் நல்லது என்பதும் பொய்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்றும் தேவை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘மன்னு’ வகையினது, அதன் நீர் கண்ணுக்கு மருந்து எனக் கூறிய ‘கம்அத்’, தமிழ்ப் பெயர்ப்புகளில் காளான் எனப்படுகிறது. அது பாலைமணலுக்கடியில் கிழங்குபோல் திரளும் வேறு பூஞ்சை. அச்சிறப்பை ஏரிக்கரைக் குடைக்காளானுக்கு ஏற்றி, அதன் சாற்றைக் கண்ணில் இடுதல் பெருந்தவறு.

2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் உண்டு பதின்மூவர் மாண்டனர். தேயிலைத் தோட்டக் குடும்பங்களே பெரிதும் பாதிக்கப்பட்டன. குளோரோஃபில்லம் உண்டவர்க்குச் சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும் காணும். அமானிட்டாவின் கொடிய இனங்களோ ஆறு மணி நேரத்திற்குமேல் வாளாவிருந்து பின்னரே வருத்தும். இடையில் நலமடைந்தது போன்ற தோற்றம் தந்து கல்லீரலை அழிக்கும். ஆகவே வாந்தி நின்றது என்று வீட்டில் இருத்தல் கூடாது. உடன் உண்ட அனைவரையும், சமைக்காமல் எஞ்சிய காளானையும், உண்ட நேரக்குறிப்போடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.