ஆண்டு மலருக்கு ஆள் பிடிப்பது

எந்தப் பள்ளியானாலும் ஆண்டு மலர் வேலை தமிழாசிரியர் தலையில்தான் வந்து விழும். என் அனுபவத்தில் ஒன்று நிச்சயம். ‘படைப்புகள் வரவேற்கப்படுகின்றன’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டால் மரம் வளர்ப்போம் கவிதையும், கூகுளில் எடுத்த கலாம் கட்டுரையும், யாரோ எப்போதோ சொன்ன விடுகதையும் குவியும். கையெழுத்து மட்டும்தான் பிள்ளைகளுடையது.

அதனால் படைப்பு கேட்பதை விட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு கேள்வியும் நோட்டும் கொடுத்து அனுப்புகிறேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பினேன். அவள் கொண்டுவந்த பக்கத்தில், வெந்த முட்டையை உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால்தான் ஓடு ஒட்டாமல் உரியும் என்று இருந்தது. அதற்குக் கீழே, நான் சொல்லித் தராத ஒரு கேள்வி: “ஆயாம்மா, வீட்டுக்குப் போயும் நீங்கதான் சமைப்பீங்களா?” பதில்: “ஆமா கண்ணு. இங்க உப்பு தப்பாது, வீட்ல நாலு பேருக்கு வெக்கிறப்பதான் தப்புது.” அந்த வருடம் மலரில் எல்லாரும் படித்த பக்கம் அதுதான். பேச்சு வழக்கைத் திருத்தி எழுதச் சொல்லாமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். இலக்கணம் பார்க்க வேறு பக்கங்கள் இருக்கின்றன.

குழுவுக்கு ஆள் எடுக்கும்போது முதல் மதிப்பெண்காரர்களைத் தேடிப் போக வேண்டாம். பத்து, பன்னிரண்டுக்குப் பொதுத்தேர்வு, அவர்களைத் தொடாதீர்கள். ஏழு முதல் ஒன்பது வரையும் பதினொன்றிலும் எடுங்கள். ஓயாமல் பேசுகிறவன் பேட்டிக்கு. சக மாணவர்களின் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே இருக்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அதைப் பிழைதிருத்தத்தில் உட்கார வையுங்கள், வகுப்புக்கும் நிம்மதி. மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். தனியாக மனத்துக்குள் படிக்கிறவர் கண்ணுக்கு விட்டுப்போன வரி தெரியாது. ஒற்றுப்பிழையையாவது யாரும் மன்னிப்பார்கள். பிள்ளையின் இனிஷியல் மாறினால் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். பெயர்களை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையை மட்டும் நானே செய்கிறேன்.

பக்கக் கணக்கைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் ஏறாது. இரண்டு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்து, ஒன்றிலிருந்து எட்டு வரை பக்க எண் போடச் சொல்லுங்கள். பிரித்தால் 1-ம் பக்கமும் 8-ம் பக்கமும் அருகருகே இருக்கும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் ஏன் நான்கின் மடங்காக வர வேண்டும் என்பது அப்போதே புரிந்துவிடும். பிறகு மொத்தப் புத்தகத்துக்கும் அப்படி ஒரு டம்மி செய்து, எந்தப் பக்கத்தில் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் கடைசி நேரத்தில் ‘ஒரு பக்கம் காலியா இருக்கு சார்’ என்று அச்சகத்திலிருந்து போன் வராது.

போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அச்சில் மங்கும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நாம் யூனிகோடில் அடித்துக் கொடுத்ததை அச்சகத்தார் பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால் சில எழுத்துகள் வேஷம் மாறும், இடையில் வரும் ஆங்கில வார்த்தைகள் வாயில் நுழையாத தமிழாகும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்தே ஆக வேண்டும்.

தை பிறந்தால் அச்சகம் கல்யாணப் பத்திரிகையில் மூழ்கிவிடும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எல்லா மேட்டரும் கையில் இருக்கட்டும். இடம் இல்லாமல் நின்றுபோனவற்றைக் குப்பையில் போடாமல் கையெழுத்துப் பத்திரிகையாகத் தைத்து நூலகத்தில் வைக்கலாம். நல்லதாக இருந்தால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கல்வித்துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களுக்கும் அனுப்பிப் பார்க்கலாம்.