நான்கு துண்டு, மூன்று வெட்டு

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று இங்கே பல தொழிற்சாலைகள். அவற்றுக்கு வரும் உதிரிப் பாகங்களில் ஒரு பகுதி மரச்சட்டத் தட்டுகளின் மேல் ஏறி வருகிறது. பேலட் என்கிறோம். உடைந்து கழிந்த பேலட்டுகள் பழைய மரக்கடைக்கு வந்து சேர்கின்றன. வார விடுமுறையில் அவற்றை வாங்கிப்போய் செருப்பு அலமாரி, டிவி ஸ்டாண்ட், பூந்தொட்டி வைக்கும் படி என்று வீட்டுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. இவர்கள் தச்சர்கள் அல்லர். ஆறு நாளும் அசெம்பிளி லைனில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் தம் விருப்பத்துக்கு ரம்பம் பிடிப்பவர்கள். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளை, அதாவது நம் மாணவர்.

அந்தப் பிள்ளை வகுப்பில் அளவீட்டுக் கணக்கை எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள். '1200 மி.மீ. நீளமுள்ள பலகையை 4 சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றின் நீளம் என்ன?' விடை 300. சரி என்று டிக் போட்டு அடுத்த கணக்குக்குப் போகிறோம். ஆனால் உண்மையான பலகையை வெட்டினால் 300 வராது. ரம்பம் போகும் வழியில் கொஞ்சம் மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடும். இந்த இடைவெளியைத்தான் எங்கள் எட்டாம் வகுப்பில் பாடமாக்கினோம். வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தக அலமாரி வேண்டியிருந்தது. அதையே செய்பொருளாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிடைத்த பேலட்டையெல்லாம் வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது. நாடு விட்டு நாடு போகும் மரப் பொதிகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி உண்டு. மரத்துக்குள் இருக்கும் பூச்சிகள் எல்லை தாண்டாமல் தடுப்பதே அதன் நோக்கம். விதிப்படி பதப்படுத்திய பேலட்டின் பக்கவாட்டில் கதிர் போன்ற ஒரு முத்திரையும், நாட்டின் குறியீடும், பதப்படுத்திய முறையும் இருக்கும். எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நிலைக்கும்படி சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைச் செலுத்தியிருக்கிறார்கள்; ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு அது. எம்.பி. வேண்டாம். முத்திரையே இல்லாததும் வேண்டாம். எச்.டி. முத்திரை இருந்தாலும் எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். சூடாக்கிய பிறகு அதன்மேல் என்ன கொட்டியது என்பதை முத்திரை சொல்லாது. பேலட்டைப் பிரித்து ஆணி பிடுங்கும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். துருப்பிடித்த ஆணியோடு பிள்ளைகளுக்கு எந்த வேலையும் இல்லை.

மின்கருவி எதையும் பள்ளிக்குள் கொண்டுவரவில்லை. அளவுநாடா, மூலைமட்டம், கைரம்பம், சுத்தியல், உப்புத்தாள், கண்ணாடி போல் கண்ணை மறைக்கும் கவசம். இவ்வளவுதான்.

பாடம் அளவுநாடாவிலேயே தொடங்கிவிட்டது. நாடாவின் நுனியில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். 'சார், இது லூசா இருக்கு, வேற நாடா குடுங்க' என்றார்கள். ஆடட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்து அளக்கும்போது கொக்கியின் உட்பக்கத்திலிருந்து அளவு தொடங்க வேண்டும். பெட்டியின் உள்ளே சுவரில் முட்டவைத்து அளக்கும்போது வெளிப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே கொக்கியின் தடிமன் அளவுக்கு வித்தியாசம் வரும். அந்த அளவுக்கே கொக்கி நகர்கிறது. பிழை என்று நாம் நினைத்ததே திருத்தமாக இருப்பதைப் பார்த்த பிறகு, அளவுகோலின் சுழிக்கும் அதன் விளிம்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து அந்த 1200 மி.மீ. பலகை. எத்தனை வெட்டு என்று கேட்டேன். வகுப்பில் பாதிக்கு மேல் நான்கு என்றார்கள். ஒரு காகிதப் பட்டையைக் கிழித்துப் பார்த்த பிறகுதான் நான்கு துண்டுக்கு மூன்று வெட்டு போதும் என்பது பிடிபட்டது. பிறகு வீண்பலகை ஒன்றில் பாதி வரை அறுத்து, ரம்பம் விட்ட பள்ளத்தை அளந்தோம். எங்கள் ரம்பத்துக்கு 2 மி.மீ. ஆக மூன்று வெட்டில் 6 மி.மீ. தூளாகப் போகிறது. 1200-இல் 6 போக 1194. நான்கால் வகுத்தால் 298.5. பின்னத்தின் தேவையைக் கேட்டுப் பெற்ற தசமம் இது. ஒரு குழு மூன்று துண்டு கணக்கைப் போட்டது. 1196-ஐ மூன்றால் வகுத்தால் 398.666 என்று முடிவில்லாமல் போகிறது. நாடாவில் அப்படி ஒரு கோடு இல்லை. எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. முழுமையாக்குதல் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

அலமாரியின் வெளி அகலம் 800 மி.மீ. பக்கப் பலகை ஒவ்வொன்றும் 18 மி.மீ. தடிமன். நடுவில் வரும் தட்டின் நீளம்? 800 என்றே முதலில் குறித்தார்கள். வெட்டும் முன் தரையில் அடுக்கிப் பார்க்கச் சொன்னேன். 36 மி.மீ. வெளியே துருத்தியது. கணக்குநோட்டில் தவறு செய்தால் ஆசிரியர் சொல்லும்வரை தெரியாது. இங்கே பலகை சொல்லிவிடுகிறது. சொல்லும்போது யாரையும் அவமானப்படுத்துவதும் இல்லை. விடைக்காக என் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அன்று கொஞ்சம் குறைந்தது.

சட்டத்தை ஆணி அடிக்கும் முன் மூலை செங்கோணம்தானா என்று சோதிக்க வேண்டும். ஒரு பக்கம் 30 செ.மீ., அடுத்த பக்கம் 40 செ.மீ. குறித்து, இரு புள்ளிகளுக்கும் இடையே 50 வருகிறதா என்று பார்த்தோம். பித்தாகரஸ் தேற்றம் படித்த அதே வகுப்பு. பிறகு இரு மூலைவிட்டங்களையும் அளந்தோம், சமமில்லை. எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தும் அது செவ்வகமல்ல, இணைகரம் என்று ஒரு மாணவி சொன்னார். நீண்ட மூலையைத் தட்டித் தட்டி நேராக்கினார்கள். அப்படியும் அலமாரி ஆடியது. பின்புறம் குறுக்காக ஒரு பட்டையை அடித்ததும் நின்றுவிட்டது. நாற்கரம் நெளியும், முக்கோணம் நெளியாது. மின்கம்பக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

இதையெல்லாம் படிக்கும் ஆசிரியர் சிலருக்கு வேறொரு தயக்கம் இருக்கும். எனக்கு அதை ஒரு தாய் நேராகவே கேட்டார்: 'எங்க வீட்டுக்காரரு கம்பெனியில கட்டை தூக்குறாரு. பையனும் பள்ளிக்கூடத்துல கட்டை தூக்கணுமா சார்?'

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் போராடினார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் என்ற சொல்லைப் பள்ளியில் கேட்டாலே நம் பெற்றோர் நிமிர்ந்து பார்ப்பது இதனால்தான், பார்க்கத்தான் வேண்டும். அதே கைவேலையை 1866-இலேயே மக்கள் பள்ளிகளில் பாடமாக்கிய பின்லாந்தில் இன்று ஆண், பெண் வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். அங்கே நோக்கம் தச்சரை உருவாக்குவது அன்று. யார் பிள்ளைக்கு எந்த வேலை என்று பிரிக்கும் இடத்தில்தான் கைவேலை கெடுகிறது.

அந்தத் தாய்க்கு நான் வாயால் சொன்ன பதில் போதவில்லை. மகனின் நோட்டைக் காட்டினேன். 1194-ஐ நான்கால் வகுத்த பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். 'அப்ப பாட நேரம் போகலையே?' என்று மட்டும் கேட்டார். போகவில்லை, அது கணக்குப் பாடவேளைதான்.

ஆனால் அவர் கேள்வியால் சில விதிகளை எழுதிவைத்தோம். ரம்பம், நாடா, நோட்டு மூன்றும் ஒவ்வொருவர் கையிலும் முறை வைத்துச் சுற்றும். மாணவர்கள் அறுக்க, மாணவிகள் தூள் கூட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அறுத்தவரே கூட்ட வேண்டும். வகுப்பில் தச்சு வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை இருந்தால், பலகை உள்ளே வந்ததும் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆசிரியரும் அறியாமல் 'நீ வந்து காட்டுப்பா' என்று சொல்லிவிடக்கூடும். சொல்ல வேண்டாம். அவர் விரும்பி முன்வந்தால் வேறு. அவரை முதல் நாள் கணக்கு எழுதும் குழுவில் சேர்த்தால், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அலமாரி நிற்கத் தொடங்கிய பிறகும் பாடம் மீதி இருக்கிறது. மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜூலையில் மீந்த பலகைத் துண்டு ஒன்றின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து சுவரில் எழுதிவையுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்த நவம்பரில் அதே துண்டை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நீளம் ஏறத்தாழ அப்படியே இருக்கும், அகலம் கூடியிருக்கும். ஈரத்தை வாங்கும் மரம் நார் ஓடும் திசையில் அல்லாமல் அதற்குக் குறுக்கேதான் உப்புகிறது. அகலமான துண்டாக, வண்ணம் பூசாததாகத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் வித்தியாசம் நாடாவில் தெரியும். எங்கள் துண்டு ஜன்னலோரத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஜூலை அளவு சாக்பீஸில் எழுதியிருக்கிறது.