விலை இறங்குகிறது, முதல் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஏரியில் மீன்பிடித் தொழில். பக்கத்தில் இரண்டு சென்ட் மனையும் சிமென்ட் ஷீட் போட்ட வீடும் விலைக்கு வந்திருக்கிறது. போன வருஷம் 9 லட்சம் கேட்டவர், இப்போது 7 லட்சத்துக்கு இறங்கிவிட்டார். வழிகாட்டி மதிப்புப்படி 9 லட்சம் வருகிறதாம். இன்னும் இறங்கும், பொறு என்கிறார் என் அண்ணன். முன்பணம் கொடுத்து முடித்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இப்போது ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விலை இன்னும் இறங்குமா என்பது எனக்கும் தெரியாது, உங்கள் அண்ணனுக்கும் தெரியாது. ஆனால் ஏன் இறங்கியது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

விற்பவருக்குப் பண நெருக்கடி என்றால் கவலையில்லை. பத்திரத்தில் கோளாறு என்றால் 4 லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கும். அடுத்து நவம்பரில் பணமதிப்பிழப்பு. அதுபோல விலை விழும் நேரத்தில் மலிவு என்று பவர் பத்திரத்தை நம்பி வாங்குவது பெரிய ஆபத்து. பவர் பத்திரம் சொத்துரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் பகுதியில் கூடுதலாக இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, ஏரி ஒரு பறவைகள் சரணாலயம். அதன் எல்லைக்குள் வரும் நிலத்தில் கைவைக்கவே கூடாது. இரண்டு, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி அந்த மனை இருக்கிறது, எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று கடலோர மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துப் பாருங்கள். வீடு ஏற்கெனவே நிற்கிறது என்பதால் நாளை இடித்துக் கட்ட அனுமதி கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று, அந்த வீடு எப்படி வந்தது? சுனாமிக்குப் பிறகு அரசு கொடுத்ததா, இலவசப் பட்டா மனையா? அப்படியென்றால் ஒப்படை ஆணையில் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘அ’ பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 30 வருட வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் கட்டாயம் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், விலை குறைந்ததன் முழு லாபமும் உங்கள் கைக்கு வராது. நீங்கள் 7 லட்சம் கொடுத்தாலும் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் 9 லட்சத்துக்குத்தான் கேட்பார்கள். ஆக 81,000 ரூபாய். 10 லட்சத்துக்குள்ளான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. உங்கள் பெயரிலேயே பதியுங்கள், 72,000-த்தில் முடியும். உண்மை விலை 7 லட்சம்தான் என்று வாதாட முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் பத்திரம் கைக்கு வரத் தாமதமாகும்.

வருமான வரியும் இருக்கிறது. விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் 50,000 ரூபாயையும், விலையில் 10 சதவீதத்தையும் தாண்டினால், அந்த 2 லட்சமும் உங்கள் வருமானமாகக் கணக்கில் சேரும். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் வரி வராது. ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்.

காகிதங்கள் தேறிய பிறகு, விற்பனை ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதிந்தால் வில்லங்கத்தில் ஏறும். அவர் வேறொருவருக்கு விற்றாலும் உங்கள் உரிமையைக் கேட்க முடியும். முன்பணத்தைச் சிறிய தொகையாக வையுங்கள். விலை மேலும் விழுந்தது என்று நீங்கள் பின்வாங்கினால் முன்பணம் போய்விடக்கூடும். உரிமையில் குறை தெரிந்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். மீதித் தொகைக்கான கெடு, முகத்துவாரம் மண் மூடி வலைக்குப் பாடு இல்லாத மாதங்களில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாறுதலுக்கும் மனு கொடுத்துவிடுங்கள்.