தரவு ஊடுகடத்தல் வேகம்: அலகுகளை மாற்றுதல்

இணைய இணைப்பொன்றின் வேகம் செக்கனுக்கு 8 மெகாபிற்று. 30 மெகாபைற்றுக் கோப்பொன்றை இதனூடாகப் பதிவிறக்க எவ்வளவு நேரம் செல்லும்? 30 ஐ 8 ஆல் வகுத்து 3.75 செக்கன் என விடையெழுதும் மாணவர் பலர். சரியான விடை 30 செக்கன். வகுத்தலில் பிழையில்லை, கோப்பின் பருமன் பைற்றிலும் வேகம் பிற்றிலும் தரப்பட்டிருப்பதைக் கவனியாமையே பிழை.

பிற்றும் பைற்றும்

0 அல்லது 1 ஆகிய துவித இலக்கம் ஒன்றே பிற்று ஆகும். 8 பிற்றுகள் சேர்ந்தது ஒரு பைற்று. கோப்புகளும் நினைவகமும் பைற்றில் அளக்கப்படுகின்றன. வடமொன்றினூடாகத் தரவு செல்லும்போது பிற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஆகவே ஒரு செக்கனில் எத்தனை பிற்றுகள் செல்கின்றன என்பதே வேகமாகக் கொள்ளப்படுகிறது.

ஆங்கிலக் குறியீட்டில் சிறிய எழுத்து ‘பீ’ பிற்றையும் பெரிய எழுத்து ‘பீ’ பைற்றையும் குறிக்கும். வினாவை வாசிக்கும்போது அந்த எழுத்தின் கீழ் ஒரு கோடிட்டுக் கொள்ளுங்கள். அதைத் தவறாக வாசித்தால் விடை எட்டு மடங்கு மாறிவிடும்.

பிற்றிலிருந்து பைற்றுக்கு மாற்ற 8 ஆல் வகுக்க வேண்டும். பைற்றிலிருந்து பிற்றுக்கு மாற்ற 8 ஆல் பெருக்க வேண்டும். உதாரணமாக, 2000 ஆம் ஆண்டில் வெளியான யூஎஸ்பி 2.0 இன் உச்ச வேகம் செக்கனுக்கு 480 மெகாபிற்று, அதாவது 60 மெகாபைற்று.

1000 ஆ, 1024 ஆ?

மாணவர் அதிகம் குழம்பும் இடம் இது. ஊடுகடத்தல் வேகத்தில் கிலோ என்பது 1000, மெகா என்பது 1000 000, கிகா என்பது 1000 000 000. நினைவகத்தின் முகவரிகள் துவித எண்களாதலால் அதன் கொள்ளளவு 2 இன் வலுக்களாக அமையும். 2 இன் 10 ஆம் வலு 1024. அது 1000 இற்குக் கிட்டியதாக இருப்பதால் அதையும் கிலோ என்றே அழைக்கலாயினர். இக்குழப்பத்தை நீக்க, 1024 இற்குக் ‘கிபி’ என்ற தனிப்பெயரைச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1998 இல் வழங்கியது. ஆனாலும் பழைய வழக்கு இன்னும் மறையவில்லை.

வித்தியாசம் கிலோவில் 2.4 சதவீதம் மட்டுமே. மெகாவில் அது ஏறத்தாழ 4.9 சதவீதம், கிகாவில் ஏறத்தாழ 7.4 சதவீதம். மேலே கூறிய 30 மெகாபைற்றை 1024 கொண்டு கணித்தால்:

30 × 1024 × 1024 × 8 = 251 658 240 பிற்று
251 658 240 ÷ 8 000 000 = 31.46 செக்கன் (அண்ணளவாக)

வினாவில் தொடர்பு தரப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்துக. தரப்படாவிடின், நீங்கள் எடுத்த எடுகோளைச் செய்கையின் முதல் வரியில் எழுதுக. எடுகோள் இல்லாத வெறும் விடையைப் பார்த்து, நீங்கள் எவ்வழியில் கணித்தீர்கள் எனப் பரீட்சகர் ஊகிக்க முடியாது.

உதாரணம்

3.5 மெகாபைற்றுப் பாடலொன்றைச் செக்கனுக்கு 56 கிலோபிற்று வேகமுடைய மொடெமினூடாகப் பெற எடுக்கும் நேரத்தைக் காண்க. (1 மெகாபைற்று = 1000 000 பைற்று)

பருமன் = 3 500 000 × 8 = 28 000 000 பிற்று
வேகம் = செக்கனுக்கு 56 000 பிற்று
நேரம் = 28 000 000 ÷ 56 000 = 500 செக்கன் = 8 நிமிடம் 20 செக்கன்

இரண்டையும் முதலில் பிற்றுக்குக் கொண்டுவந்து, பின்னரே வகுத்ததைக் கவனியுங்கள். நடைமுறையில் இதைவிடக் கூடிய நேரம் செல்லும். தொலைபேசி இணைப்பின் தரம் வேகத்தைக் குறைக்கும். தரவுப் பொதிகளுடன் முகவரி போன்ற மேலதிக பிற்றுகளும் சேர்ந்தே செல்லும். வினாவில் கேட்கப்பட்டாலன்றி இவற்றைக் கணிப்பில் சேர்க்க வேண்டாம்.

பயிற்சி

(1 இலிருந்து 3 வரை 1000 ஐயும், 4 இல் கோப்பிற்கு மட்டும் 1024 ஐயும் பயன்படுத்துக.)

1. செக்கனுக்கு 512 கிலோபிற்றைக் கிலோபைற்றில் தருக.
2. 45 மெகாபைற்றுக் கோப்பொன்று 1 நிமிடத்தில் பதிவிறங்கியது. வேகத்தை மெகாபிற்றில் காண்க.
3. 2 கிகாபைற்றுத் திரைப்படமொன்றைச் செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகமுடைய வலையமைப்பில் அனுப்ப எடுக்கும் நேரம் யாது?
4. 1 மெகாபைற்றுக் கோப்பொன்றைச் செக்கனுக்கு 64 கிலோபிற்று வேகத்தில் அனுப்ப எடுக்கும் நேரம் யாது?

விடைகள்: (1) செக்கனுக்கு 64 கிலோபைற்று (2) செக்கனுக்கு 6 மெகாபிற்று (3) 2 நிமிடம் 40 செக்கன் (4) ஏறத்தாழ 131 செக்கன்